மாமல்லபுரச் சுற்றுலா வழித்தடமும் நினைவுச்சின்னங்களின் பெயர் வழக்குகளும்

ஆய்வுச்சுருக்கம்

பல்லவர்களின் கடற்கரைப் பட்டினமாக விளங்கிய மாமல்லபுரத்தைக் காண வருவோர் கேட்டறியும் வரலாறு, பெரும்பாலும் அங்குள்ள சின்னங்களின் பெயர்கள் வழியாகவே அவர்களைச் சென்றடைகிறது. ‘அருச்சுனன் தபசு’, ‘பஞ்சபாண்டவர் இரதம்’, ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’, ‘புலிக்குகை’ முதலிய பெயர்களை அறியாமையின் விளைவுகள் என்று ஒதுக்குவது ஆய்வுலகின் வழக்கம். அவற்றையே வரலாறாகச் சொல்லிச் செல்வது சுற்றுலாவின் வழக்கம். கல்வெட்டு, பாசுரம், மக்கள் வழக்கு, நவீன ஆய்வு ஆகிய நான்கு அடுக்குகளில் இப்பெயர்களை வைத்துப் பார்த்தால், அவை ஒவ்வொன்றும் தத்தம் காலத்துச் சான்றாக நிற்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வாறு அடுக்குகளைப் பிரித்துச் சொல்லும் சுற்றுலா உரைக்குத் தமிழாய்வு எவ்வகையில் துணைசெய்ய இயலும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், கடல்மல்லை, பெயராய்வு, பல்லவர் கல்வெட்டுகள், திரௌபதி வழிபாடு, சுற்றுலா.

1. முன்னுரை

ஒரு நினைவுச்சின்னத்தின் முன் பார்வையாளர் நிற்கும் நேரம் குறைவு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து, காஞ்சிபுரத்தையும் அதே நாளில் கண்டு திரும்ப எண்ணுவோர்க்கு மாமல்லபுரத்தில் கிடைப்பவை சில மணி நேரங்களே. அந்நேரத்திற்குள் சிற்பத்தின் அமைப்பையும் காலத்தையும் சமயப் பின்னணியையும் விரித்துரைக்க இயலாது. எனவே பெயரே விளக்கத்தின் பணியை ஏற்றுக்கொள்கிறது. ‘இது அருச்சுனன் தபசு’ என்று வழிகாட்டி கூறியதும், பார்வையாளரின் கண் பாறையில் அருச்சுனனைத் தேடத் தொடங்குகிறது. பிறவற்றைக் கடந்து செல்கிறது.

மாமல்லபுர நினைவுச்சின்னத் தொகுதி 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கலை வரலாறு, கல்வெட்டியல், கட்டடக்கலை ஆகிய துறைகளில் இவ்வூரைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. எனினும், பொதுமக்களுக்கு இவ்வூரை அறிமுகப்படுத்தும் பெயர்களைத் தனியே தொகுத்து நோக்குதல் இன்றியமையாதது. அப்பணி பெயராய்வுக்கும் நாட்டார் வழக்காற்றியலுக்கும் உரியது. ஆதலின் தமிழ்த்துறைகளுக்கும் உரியது.

2. வழித்தடத்தின் நான்கு நிறுத்தங்கள்

இன்றைய சுற்றுலா வழித்தடம் பெரும்பாலும் நான்கு இடங்களைச் சுற்றியே அமைகிறது. திறந்தவெளிப் புடைப்புச் சிற்பத் தொகுதி, அதற்கு வடபால் சரிவில் நிற்கும் உருண்டைப் பாறை, தெற்கே ஐந்து இரதங்கள், கடலோரத்தில் கடற்கரைக் கோயில் என்பன அவை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இவ்வூரில் சந்தித்தபோது, அவர்கள் சுற்றிப்பார்த்தவையும் இந்நான்கே. அந்நிகழ்வின் ஒளிப்படங்கள் நாடெங்கும் பரவியதால், இவ்வழித்தடமே மாமல்லபுரம் என்னும் எண்ணம் மேலும் வலுப்பெற்றது.

இத்தேர்வு பிழையானதன்று, நான்கும் காணத்தக்கவையே. ஆயினும் வழித்தடம் என்பது ஒருவகைப் பனுவல். அதற்குத் தொடக்கமும் வரிசையும் விடுபாடும் உண்டு. எவை விடுபடுகின்றன என்பதைப் பின்னர்க் காணலாம். முதற்கண் ஊரின் பெயரே எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை நோக்குதல் தகும்.

3. ஊர்ப்பெயர்: மல்லையிலிருந்து மகாபலிபுரம் வரை

ஆழ்வார் பாசுரங்களில் இவ்வூர் ‘மல்லை’, ‘மாமல்லை’, ‘கடல்மல்லை’ என வழங்குகிறது. முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது என்பது வைணவ மரபு. திருமங்கையாழ்வார் கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடும்போது, செல்வப் பொருள்கள் ஏற்றிய கலங்கள் நிறைந்த துறைமுகமாக இவ்வூரைக் காட்டுகிறார். ‘மாமல்லன்’ என்பது முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. ‘மாமல்லபுரம்’ அதனடியாகப் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கடற்கரைக் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாட்டு நகரமாக இவ்வூரை மாமல்லபுரம் என்றே குறிக்கிறது. ‘நகரம்’ என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளில் வணிகர் அவையையும் அவர்தம் ஊரையும் சுட்டுவதால், பல்லவர்க்குப் பின்னும் வணிகத் தன்மை இவ்வூரை விட்டு நீங்கவில்லை எனக் கருதலாம்.

‘மகாபலிபுரம்’ என்னும் பெயரின் பின்னால் நிற்பது மாவலி மன்னனைப் பற்றிய புராணக் கதை. 1772, 1776 ஆகிய ஆண்டுகளில் இவ்வூருக்கு வந்த வில்லியம் சேம்பர்சு எழுதிய குறிப்பு, ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சசு’ முதல் தொகுதியில் 1788இல் வெளிவந்தது. மாவலியின் நகரம் கடலில் மூழ்கியது என அவ்வூரார் கூறிய கதைகளை அவர் அதில் பதிவு செய்தார். மாலுமிகள் இவ்விடத்தை ‘ஏழு கோயில்கள்’ எனப் பொருள்படும் ‘செவன் பகோடாசு’ என்னும் பெயரால் அறிந்திருந்ததையும் குறிப்பிட்டார். இராபர்ட் சதே 1810இல் வெளியிட்ட கற்பனைக் காவியம் ஒன்றில் மூழ்கிய மாவலி நகரைப் பாடியதன் வழியாக அக்கதை ஐரோப்பிய வாசகரிடமும் பரவியது. 1869இல் மார்க் வில்லியம் கார் இவ்வூர் பற்றிய பழைய கட்டுரைகளைத் தொகுத்தபோதும் நூல் தலைப்பில் ‘செவன் பகோடாசு’ என்னும் பெயரே இடம்பெற்றது.

இவ்வாறு ஊருக்கு மூன்று பெயர்கள் அமைந்தன. மல்லை பாசுரத்தின் பெயர். மாமல்லபுரம் அரசின், கல்வெட்டின் பெயர். மகாபலிபுரம் புராணக் கதையும் பயண நூலும் நிலைநிறுத்திய பெயர். உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மகாபலிபுரம்’ என்றும், அரசு வழக்கில் ‘மாமல்லபுரம்’ என்றும் இன்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. கடலுக்குள் எஞ்சிய ஆறு கோயில்கள் எங்கே என்னும் வினாவைச் சுற்றுலா உரைகள் விரும்பி எழுப்புகின்றன. 2002இல் தேசியப் பெருங்கடலியல் நிறுவனம் பங்கேற்ற நீரடி ஆய்வில் கட்டுமான எச்சங்கள் அறியப்பட்டமையும், 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் சில எச்சங்கள் வெளிப்பட்டமையும் அக்கதைக்குப் புத்துயிர் தந்தன. ஆனால் கடலடியில் கட்டுமானம் உண்டு என்பது வேறு; அவை ஏழு கோயில்களுள் ஆறு என்பது வேறு. முன்னது அகழாய்வுச் செய்தி. பின்னது மாலுமி வழக்கு. இரண்டையும் ஒன்றாக்கும் இடத்தில்தான் சுற்றுலா உரை வழுவுகிறது.

4. சின்னங்களின் பெயர்கள்

4.1 அருச்சுனன் தபசும் கங்கை இறக்கமும்

ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட புடைப்புச் சிற்பத் தொகுதியில், ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் ஒருவரும், அவருக்கு வரமருளும் சிவபெருமானும் காணப்படுகின்றனர். பாறையின் நடுவே இயற்கைப் பிளவு உள்ளது. அதில் நாகர் உருவங்கள் மேல்நோக்கி எழுகின்றன. இதனை அருச்சுனன் தபசு என்பது மக்கள் வழக்கு. விக்டர் கோலுபெவ் 1914இல் எழுதிய கட்டுரையில், இது பகீரதன் தவத்தால் கங்கை மண்ணுக்கு இறங்கும் காட்சி என்னும் கருத்தை முன்வைத்தார். பிளவின் மேற்புறத்தில் நீர்த்தேக்க அமைப்பு இருந்ததற்கான அடையாளங்கள் அக்கருத்துக்கு வலுவூட்டுகின்றன. மறுபுறம், சிவனருகே நிற்கும் பூதத்தைப் பாசுபதப் படைக்கலத்தின் உருவமாகக் கொண்டு, அருச்சுனன் எனும் கொள்கையைப் பேணுவோரும் உளர். வேடனாக வந்த சிவனோடு அருச்சுனன் பொருத காட்சி இங்கு இல்லாமை அவர்களுக்கு எதிராகக் காட்டப்படுகிறது.

இவ்விவாதத்தில் கவனத்திற்குரிய சிற்றுருவம் ஒன்றுண்டு. தவசியைப் போலவே கைகளை உயர்த்தி நிற்கும் பூனையும், அதனருகே எலிகளும் கீழ்ப்பகுதியில் செதுக்கப்பட்டுள்ளன. பொய்த்தவம் புரிந்து எலிகளை உண்ட பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. அப்பூனை தவம் செய்த இடம் கங்கைக் கரை. பாரதத்தோடும் கங்கையோடும் ஒருங்கே தொடர்புடைய இச்சிற்றுருவம், இரு கொள்கைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்து முடிவுகூறத் தயங்கச் செய்கிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் நகைச்சுவைக்காகச் சுட்டும் பூனையே தொகுதியின் பொருளை ஆராய்வதற்கு உரிய சான்றாக இருப்பதைப் பார்வையாளருக்கு உணர்த்துதல் கடினமன்று.

‘அருச்சுனன் தபசு’ என்னும் பெயர் எவ்வாறு நிலைபெற்றது என்பது தனி வினா. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதம் படித்தலும் தெருக்கூத்தும் இன்றும் நிகழ்கின்றன. அவற்றுள் ‘அருச்சுனன் தபசு’ முதன்மையானது; அருச்சுனன் வேடம் புனைந்தவர் உயர்ந்த தபசு மரத்தின் உச்சிக்கு ஏறித் தவநிலையில் நிற்பார். ஆண்டுதோறும் அக்காட்சியைக் கண்டு பழகிய மக்களுக்கு, ஒற்றைக்கால் தவசியைப் பாறையில் கண்டதும் அருச்சுனன் நினைவுக்கு வருதல் இயல்பே. மேலும், இப்பகுதியில் பாரத மரபின் தொன்மைக்குப் பல்லவர் காலச் சான்றே உண்டு. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கை ஒதுக்குகிறது. இதனைக் கொண்டு சிற்பி அருச்சுனனையே செதுக்கினார் என நிறுவ முடியாது. ஆனால், மக்கள் அதனை அருச்சுனனாகப் படித்தமைக்கு ஆழமான பண்பாட்டுப் பின்புலம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

4.2 பஞ்சபாண்டவர் இரதம்

ஐந்து இரதங்கள் தேர்களும் அல்ல. பாண்டவர்க்கு உரியனவும் அல்ல. அவை ஒற்றைக்கல்லில் குடையப்பட்டு முற்றுப்பெறாது நின்ற தளிகள். திரௌபதி இரதம் எனப்படுவதன் கருவறையில் செதுக்கப்பட்டிருப்பவள் கொற்றவை. அதன் கூரை குடிலின் கூரையை ஒத்தது. தருமராசர் இரதத்தின் மேல்தளத்துக் கல்வெட்டு அதனை ‘அத்தியந்தகாம பல்லவேசுவரம்’ என்று பெயரிட்டு அழைக்கிறது. சுற்றுலா உரையில் இப்பெயர் ஒலிப்பது அரிது. நகுல சகதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்தது. அதனருகிலேயே முழு உருவ யானை ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. இவ்வமைப்புக்கு ‘தூங்கானை மாடம்’ என்னும் அழகிய தமிழ்ப்பெயர் தேவாரத்திலேயே உண்டு. திருப்பெண்ணாகடத்துக் கோயில் அப்பெயரால் பாடப்பெற்றது. வடமொழிக் கலைச்சொல்லாகிய ‘கசபிருட்டம்’ என்பதைச் சொல்லும் விளக்கப் பலகை, இத்தமிழ்ச்சொல்லையும் உடன் தந்தால் பார்வையாளர் கண்முன் நிற்கும் யானையே அதன் பொருளை விளக்கிவிடும்.

பாண்டவர் பெயரிடலைத் தனிநிகழ்வாகக் கொள்ளாமல் தமிழகப் பரப்பில் வைத்து நோக்க வேண்டும். சமண முனிவர்தம் கற்படுக்கைகளை மக்கள் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்பர். ஆர்க்காட்டையடுத்த சமணக் குன்று ‘பஞ்சபாண்டவர் மலை’ எனப்படுகிறது. பெருங்கற்காலச் சின்னங்களும் பல இடங்களில் பாண்டவர் பெயரைத் தாங்குகின்றன. செய்தவர் யார் என்னும் நினைவு மறைந்த கற்பணிகளுக்கு வனவாசம் செய்த ஐவரின் பெயரைச் சூட்டுவது தமிழ் மக்களின் பெயரிடல் மரபு என இவற்றால் அறியலாம். மாமல்லபுரத்தில் ‘திரௌபதி குளியல் தொட்டி’, ‘தருமராசர் சிம்மாசனம்’ என வழங்குவனவும் இம்மரபின் விரிவே. ஆகவே ‘பஞ்சபாண்டவர் இரதம்’ என்னும் பெயர் பல்லவரைப் பற்றி எதுவும் கூறவில்லையாயினும், பல்லவரை மறந்துபோன பின்னைய நூற்றாண்டுகளைப் பற்றித் தெளிவாகவே கூறுகிறது.

4.3 கடற்கரைக் கோயில்

‘கடற்கரைக் கோயில்’ என்பது இருப்பிடத்தை மட்டும் சுட்டும் நவீனப் பெயர். ஒருமையில் வழங்கும் இப்பெயர், அங்கே மூன்று சன்னிதிகள் உள்ளன என்பதை மறைக்கிறது. கடலை நோக்கிய சிவன் கோயில் சத்திரியசிம்ம பல்லவேசுவரம். மேற்கு நோக்கியது இராசசிம்ம பல்லவேசுவரம். இரண்டுக்கும் இடையே பாறையில் பள்ளிகொண்ட திருமாலின் இடம் நரபதிசிம்ம பல்லவ விண்ணகரம். சோழர் காலக் கல்வெட்டு, திருமாலைப் ‘பள்ளிகொண்டருளிய தேவர்’ என்கிறது. மூன்று பெயர்களிலும் உள்ள பட்டங்கள் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மனுக்கு உரியவை. இம்மூன்றையும் சொன்னாலே, அரசன் ஒருவன் தன் பட்டப்பெயர்களைச் சிவனுக்கும் திருமாலுக்கும் ஒருசேர வழங்கிய செய்தி பார்வையாளருக்கு விளங்கும். சைவமும் வைணவமும் அருகருகே நின்ற காலச்சூழலும் புலப்படும்.

4.4 வெண்ணெய்ப் பந்தும் புலிக்குகையும்

சரிவில் நிற்கும் பெரும்பாறை இயற்கையின் ஆக்கம். அதனை யானைகளைக் கொண்டு அகற்ற முயன்றதாகச் சொல்லப்படும் கதைகள் பார்வையாளரைக் கவர்கின்றன. ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’ என்னும் பெயரும், குன்றின்மீதுள்ள ‘கோபியர் மத்து’ என்னும் பெயரும் சேர்ந்து ஆயர்பாடியை இக்குன்றில் நிறுவுகின்றன. இதற்கும் அருகிலேயே காரணம் உண்டு. கிருஷ்ண மண்டபத்தினுள் கோவர்த்தனத்தை ஏந்திய கண்ணனும் ஆநிரை கறக்கும் ஆயரும் பல்லவர் காலத்தில் செதுக்கப்பட்டுள்ளனர். முன்மண்டபம் விசயநகரக் காலத்தில் கட்டப்பட்டது. சிற்பத்தில் இருந்த ஆயர் வாழ்வு பெயர்களின் வழியே குன்றெங்கும் பரவியது எனக் கொள்ள இடமுண்டு.

வடக்கே சாளுவன்குப்பத்திலுள்ள ‘புலிக்குகை’யில் புலியும் இல்லை, குகையும் இல்லை. யாளித் தலைகள் சூழ்ந்த மேடை போன்ற அமைப்பே அது. அங்கேயே உள்ள அதிரணசண்டேசுவரம் என்னும் குடைவரையில் ஒரே செய்தி கிரந்த எழுத்திலும் நாகரி எழுத்திலும் இருபுறச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தியல் மாணவர்க்கு இது விலைமதிப்பற்ற சான்று. ஆனால் பயண வண்டிகள் புலிக்குகையின் ஒளிப்படத்தோடு திரும்பிவிடுகின்றன.

5. வழித்தடத்துக்கு வெளியே நிற்பவை

விடுபாடுகளுள் மூன்றைச் சுட்டுதல் போதும். முதலாவது, தலசயனப் பெருமாள் கோயில். புடைப்புச் சிற்பத் தொகுதிக்கு மிக அருகில், நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாக, இன்றும் வழிபாடு நிகழும் தலம் இது. இப்போதைய கட்டுமானம் விசயநகரக் காலத்தது. ஆழ்வார்கள் பாடிய தலசயனம் எது என்னும் வினாவில், கடற்கரைக் கோயிலின் பள்ளிகொண்ட பெருமாளையும் உடன்வைத்து ஆய்வாளர் விவாதிக்கின்றனர். பாசுரத்தையும் கல்லையும் இணைத்துப் படிக்க இதைவிடத் தக்க இடம் இவ்வூரில் இல்லை. எனினும், நினைவுச்சின்னம் எனும் வரையறைக்குள் அடங்காத உயிர்ப்புள்ள கோயிலாகையால் வழித்தடம் அதனைக் கடந்து செல்கிறது.

இரண்டாவது, ஆதிவராகக் குடைவரை. சிம்மவிட்டுணுவும் மகேந்திரனும் என உருவங்களுக்கு மேலே பெயர் பொறிக்கப்பட்ட அரசர் சிற்பங்கள் இங்கே உள்ளன. பெயர்கள் ஐயத்துக்கு இடமான ஊரில், கல்லே தன் பெயரைக் கூறும் அரிய இடம் இது.

மூன்றாவது, சாளுவன்குப்பம் முருகன் கோயில். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் தந்த குறிப்பின் துணையால் இந்தியத் தொல்லியல் துறை 2005இல் இங்கு அகழ்ந்தது. பல்லவர் காலக் கட்டுமானத்தின் கீழே அதனினும் பழைய செங்கல் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. அகழ்ந்தோர் அதனைச் சங்க காலத்தோடு தொடர்புபடுத்தினர். கல்வெட்டுகள் இவ்வூரைத் திருவிழிச்சில் என்கின்றன. மாமல்லபுரத்தின் வரலாறு பல்லவரோடு தொடங்குகிறது என்னும் பொது எண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் இவ்விடம், நான்கு நிறுத்தங்களுள் இடம்பெறவில்லை.

6. அடுக்குமுறை விளக்கம்: ஒரு முன்மொழிவு

பெஞ்சமின் பாபிங்டன் 1830இல் இவ்வூர்க் கல்வெட்டுகளின் வாசிப்பை வெளியிட்ட நாள் முதலாக, சின்னங்களின் காலமும் கொடையாளரும் குறித்து ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன. அனைத்தும் இராசசிம்மன் ஒருவனின் ஆக்கமே என்னும் கருத்தை இரா. நாகசாமி 1962இல் முன்வைத்தபின் அவ்விவாதம் புதுத்திசை பெற்றது. இத்தகைய கருத்து வேறுபாடுகளைப் பொதுமக்களுக்குச் சொல்லலாகாது என்று கருதுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ஒவ்வொரு சின்னத்துக்கும் நான்கு வினாக்களை மட்டும் வழிகாட்டி முன்வைத்தால் போதும். கல்வெட்டு இதனை எப்பெயரால் அழைக்கிறது? பாசுரமோ பிற இலக்கியமோ இதனைக் குறிக்கிறதா? மக்கள் இதனை எவ்வாறு அழைக்கின்றனர், ஏன்? ஆய்வாளர் இதனை எவ்வாறு விளக்குகின்றனர்?

இவ்வினாக்கள் வழிகாட்டியின் உரையை நீட்டிப்பதில்லை, ஒழுங்குபடுத்துகின்றன. ‘கல்வெட்டில் இது அத்தியந்தகாம பல்லவேசுவரம், மக்கள் வழக்கில் தருமராசர் இரதம்’ என்பது ஒரே தொடர். இத்தொடரைக் கேட்டவர் வரலாறு வேறு, வழக்காறு வேறு என்பதையும், இரண்டும் மதிக்கத்தக்கவை என்பதையும் ஒருசேர அறிகிறார். இதற்குத் தேவையான மூலப்பொருள் தமிழ்த்துறைகளிடமே உள்ளது. கல்வெட்டுப் பெயர்களைப் பிழையின்றித் தமிழில் தருதல், தூங்கானை மாடம், தளி, விண்ணகரம் போன்ற சொற்களை மீட்டளித்தல், ஊர் முதியோரும் கூத்துக் கலைஞரும் வழங்கும் பெயர்க் கதைகளைத் தொகுத்தல் ஆகியவை முதுகலை மாணவர் களப்பணியாகவே மேற்கொள்ளத்தக்கவை. 1957இல் நிறுவப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இவ்வூரிலேயே இயங்கிவந்துள்ளமையால், சிற்பிகளின் தொழிற்சொற்களையும் அத்தொகுப்பில் இணைக்கலாம். உளியோசை இன்றும் கேட்கும் தெருக்களில் அச்சொற்கள் ஏட்டில் அல்லாமல் நாவில் வாழ்கின்றன.

7. நிறைவுரை

மாமல்லபுரத்தின் வழக்குப் பெயர்களைத் திருத்தி அழிக்க வேண்டியதில்லை. அவை அழிந்தால் திரௌபதி வழிபாட்டின் பரவலுக்கும், பாண்டவர் பெயரிடல் மரபுக்கும், மாலுமியர் வாய்மொழிக்கும் உரிய சான்றுகள் குறையும். அவற்றை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் பல்லவ அரசர் தம் தளிகளுக்கு இட்ட பெயர்கள், அவர்கள் பொறித்த கல்லின் முன்னேயே மறக்கப்படும். ஆண்டுதோறும் இவ்வூருக்கு வரும் பள்ளி மாணவர் பலருக்குப் பல்லவர் வரலாற்றோடு ஏற்படும் முதல் நேரடித் தொடர்பு இச்சுற்றுலாவே. அவர்கள் கேட்கும் பெயர்களே அவர்களிடம் தங்கும் வரலாறு. அப்பெயர் ஒவ்வொன்றும் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்பதையும் உடன் சொல்லி அனுப்புவது, அவ்வூரைப் பற்றி எழுதும் ஆய்வாளர் அனைவரும் பங்கேற்க வேண்டிய பணியாகும்.